டெஸ்ட் வேண்டாம், கேள்விகள் வேண்டும்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசி போடுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஸ்கேன் தேவையில்லை. பாப் ஸ்மியர் தேவையில்லை. எச்.பி.வி. கிருமி ஏற்கெனவே உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் தேவையில்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லக் காரணம் உண்டு. பவர்டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒரு தாய், மகளுக்கு ஊசி போடலாம் என்று ஒரு வாரச் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வைக்கிறார். "எதுக்கும் மொதல்ல ஒரு ஃபுல் செக்கப் பண்ணிருங்க" என்று யாரோ சொன்ன பேச்சில் அந்தப் பணம் லேபிலேயே தீர்ந்துவிட்டால், ஊசி தீபாவளி போனஸுக்குத் தள்ளிப்போகும். அதற்குள் பெண்ணுக்குப் பதினைந்து முடிந்துவிட்டால் இரண்டு தவணை மூன்றாகிவிடும்.

அதற்காக எதையும் பார்க்காமல் கையை நீட்டிவிடலாம் என்பதில்லை. பார்க்க வேண்டியதை வாயால் கேட்டே பார்த்துவிடலாம். நல்ல செவிலியர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் கேட்டு முடிக்கும் கேள்விகள்தான் இந்த ஊசிக்கான உடல்நலப் பரிசோதனை. அவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிட வேண்டியவை எவை என்பதுதான் இந்த அத்தியாயம். திருப்பூரைச் சுற்றி வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது. ஷிப்ட், ஹாஸ்டல், பஞ்சுத் தூசி எல்லாம் இதில் வந்து போகும்.

முதலில் வயது. நம் நாட்டில் 2022 கணக்குப்படி ஒரே ஆண்டில் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். எச்.பி.வி. கிருமியின் பல வகைகளில் 16, 18 என்ற இரண்டு வகைகளே உலக அளவில் சுமார் 70 விழுக்காடு நோய்க்குக் காரணம். ஊசி அந்தக் கிருமி உள்ளே வராமல் தடுக்கும். வந்துவிட்ட கிருமியை விரட்டாது. ஆகவேதான் ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் என்கிறார்கள். சுவீடனில் பதினேழு வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்திருந்ததாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் செர்வாவாக் என்ற எச்.பி.வி. ஊசி 2023 ஜனவரியில் வெளியானபோது ஒரு தவணையின் விலை 2000 ரூபாய். ஒன்பது முதல் பதினான்கு வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. பதினைந்து முதல் இருபத்தாறு வரை மூன்று தவணை, அதாவது முதல் நாள், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம். கணக்கு, முதல் ஊசி போடும் நாளின் வயதை வைத்து. பதினான்கு வயது பதினொரு மாதத்தில் முதல் ஊசி போட்டவளுக்கு இரண்டே போதும். அடுத்த மாதம் வந்தால் மூன்று. பிறந்த தேதியை ஆதாரில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆதாரில் இருக்கும் தேதி தவறென்று தெரிந்தால் உண்மையான வயதைச் சொல்லுங்கள். வேலைக்குச் சேரும்போது கம்பெனியில் பதினெட்டு என்று சொன்ன பெண், ஊசி அறையிலும் அதையே சொல்ல வேண்டியதில்லை. ஊசி போடுபவர் அதைக் கம்பெனிக்குச் சொல்லப் போவதில்லை.

2025-26 தமிழக பட்ஜெட்டில் பதினான்கு வயதுப் பெண் குழந்தைகள் எல்லோருக்கும் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பை ஒட்டி இருந்தால், தனியாரிடம் போவதற்கு முன் பள்ளியிலும் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 104க்கு அழைத்தும் கேட்கலாம்.

அடுத்தது ஒவ்வாமை. செர்வாவாக், இன்னொரு எச்.பி.வி. ஊசியான கார்டசில் இரண்டுமே ஈஸ்ட் செல்களில் வளர்த்த புரதத்தில் செய்யப்படுபவை. ஈஸ்ட்டால் கடுமையான ஒவ்வாமை வந்தவருக்கும், முன் தவணைக்குப் பிறகு மூச்சுத் திணறல், முகவீக்கம், உடம்பெங்கும் தடிப்பு என்று வந்தவருக்கும் இந்த ஊசி கூடாது. ஈஸ்ட் என்றதும் பலர் விழிப்பார்கள். பேக்கரி பன்னும் பிரட்டும் ஈஸ்ட் போட்டு உப்ப வைத்தவைதான். பத்தரை மணி டீயோடு பன் தின்று ஒன்றும் ஆகாதவர் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. தின்றவுடன் உதடு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனது உண்டென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

சாயத்தால் கையில் அரிப்பு, பஞ்சுத் தூசியால் தும்மல், டிடர்ஜென்ட்டால் விரலில் வெடிப்பு: இவையெல்லாம் தொழில் தந்த தொல்லைகள், ஊசிக்குத் தடை அல்ல. வீசிங் இருந்து இன்ஹேலர் எடுப்பவரும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வீசிங்குக்காக ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து விழுங்குகிறவர் அதைச் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அது குறைக்கும். குறைந்திருந்தால் தவணைக் கணக்கு மாறும்.

மாத்திரை விஷயத்தில் இந்த ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழகத்து ஆயத்த ஆடைத் தொழிலாளிப் பெண்கள் சுமார் நூறு பேரிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலிக்குக் கம்பெனியிலேயே மாத்திரை கொடுக்கிறார்கள், அட்டையில்லை, பெயரில்லை, என்ன மாத்திரை என்று யாரும் சொல்வதில்லை என்பது அதன் சாரம். வலி மாத்திரை சாப்பிட்டதால் ஊசி போடக் கூடாது என்று ஒன்றும் இல்லை. ஆனால் "என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்ற கேள்விக்கு "வெள்ளை மாத்திரை" என்பது பதிலாகாது. நோய்க்கென்று தினமும் எடுக்கும் மாத்திரை எதுவானாலும் அட்டையோடு எடுத்துப் போங்கள். அட்டை இல்லையென்றால் சீட்டை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்காதவர் முன்கூட்டியே சொன்னால் மெல்லிய ஊசியால் போட்டு, சில நிமிடங்கள் தேய்க்காமல் அழுத்திப் பிடித்து அனுப்புவார்கள். மறைத்தால் கையில் நீலமாகக் கட்டிக்கொள்ளும்.

எச்.ஐ.வி. உள்ளவர், உறுப்பு மாற்று செய்தவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு இந்த ஊசி ஆபத்து என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது சரியல்ல. இதில் உயிருள்ள கிருமி கிடையாது. இவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை. வயது எதுவானாலும் இவர்களுக்கு மூன்று தவணை உகந்தது. இதை வரிசையில் நிற்கும்போது சொல்ல முடியாது. "தனியாப் பேசணுங்க" என்று கேளுங்கள்.

தனியாகக் கேட்க வேண்டிய இன்னொன்று கர்ப்பம். கர்ப்பமாக இருந்தால் ஊசியைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். அதற்காக எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை தேவையில்லை. கடைசியாகத் தீட்டு வந்த தேதியைக் கேட்டால் போதும். அந்தக் கேள்வியை மாமியார் முன்னாலோ வார்டன் முன்னாலோ கேட்டால் உண்மையான பதில் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம்; கருவைக் கலைக்கவும் வேண்டாம், தனிச் சிகிச்சையும் வேண்டாம். மீதித் தவணையைப் பிரசவம் வரை நிறுத்தி வைப்பார்கள், அவ்வளவுதான். பால் கொடுப்பவர் போட்டுக்கொள்ளலாம். மாதவிலக்கு நாளிலும் போட்டுக்கொள்ளலாம். கன்னித்தன்மையைச் சோதிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒரு சோதனை மருத்துவத்திலேயே கிடையாது.

காய்ச்சல் அடித்தால் தள்ளிப் போடுங்கள். வெறும் சளி, மூக்கொழுகல் என்றால் தள்ள வேண்டாம்.

ரத்தசோகை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. அதைத் தடையாக்கினால் ஊசி யாருக்கும் போட முடியாது. ஊசி அறை வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இப்படித்தான் போகும்:

"ஏனுங்க சிஸ்டர், இவளுக்கு ரத்தம் பத்தாதுன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. ஊசி போடலாமுங்களா?"

"தாராளமாப் போடலாங்க்கா. ஏன் கண்ணு, காலைல என்ன சாப்ட்டே?"

"டீ."

"டீ மட்டுந்தானா?"

பெண் அம்மாவைப் பார்க்கிறாள். "எட்டரை ஷிப்ட்டுங்க சிஸ்டர், எனக்கு ஆக்கறக்கு நேரமில்லீங்க. பர்மிசன் போட்டுட்டு இவளக் கூட்டியாந்தேன்."

"மொதல்ல முக்குக் கடைல ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வாங்க. ஊசி எங்கயும் போயிராது."

இந்த இரண்டு இட்லி, லேபில் செய்யும் எந்தச் சோதனையையும்விடப் பயனுள்ளது. வளரிளம் பெண்கள் ஊசி போட்டவுடன் மயங்கி விழுவது உண்டு. அது மருந்தின் குற்றமல்ல. எந்த ஊசிக்கும் பயத்தாலும் வெறும் வயிற்றாலும் தூக்கமில்லாததாலும் வருவது. ஒருத்தி விழுந்தால் வரிசையில் நிற்கும் அடுத்த நால்வருக்கும் தலை சுற்றும். ஆகவே நைட் ஷிப்ட் முடிந்த கையோடு, ஒண்ணரை ஷிப்ட் பார்த்த களைப்போடு போக வேண்டாம். உட்கார்ந்தே போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பின் பதினைந்து நிமிடமாவது, முடிந்தால் அரை மணி நேரம், அங்கேயே இருங்கள். உடனே ஸ்கூட்டியை எடுக்க வேண்டாம். முன்பு ஊசிக்கு மயங்கியது உண்டென்றால் அதையும் சொல்லிவிட்டால் படுக்க வைத்துப் போடுவார்கள்.

கம்பெனிக்குள் முகாம் போட்டால் இதையெல்லாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். டாக்டர் இருக்கிறாரா, கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் ஊசி கையில் இருக்கிறதா, ஊசி மருந்து ஐஸ் பெட்டியில் வந்ததா என்று கேளுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸோடு ஒட்டி உறைந்துபோன மருந்து பயன்படாது. போட்ட பெண்ணை நேராகத் தையல் மெஷினுக்கோ கட்டிங் டேபிளுக்கோ அனுப்பினால், மயக்கம் வந்தால் எங்கே விழுவாள் என்று யோசித்துப் பாருங்கள். கை ஓரிரு நாள் வலிக்கும். வலது கைக்காரர்கள் இடது கையில் போட்டுக்கொள்வதும், மறுநாள் ஞாயிறாக இருக்கும்படி சனிக்கிழமை பார்த்துப் போவதும் புத்திசாலித்தனம். பீஸ் ரேட்டில் வலித்த கைக்குச் சம்பளம் இல்லை.

இனி வருவது உடம்பைப் பற்றியதல்ல. ஆனாலும் ஊசிக்கு முன் பார்க்க வேண்டியவற்றில் இதைத்தான் முக்கியமென்று நினைக்கிறேன்: சம்மதம் யார் கொடுப்பது?

2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், பாத் என்ற அமெரிக்க அமைப்பின் திட்டமாக, ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இந்த ஊசி போடப்பட்டது. ஊசி போட்டவர்களில் ஏழு பேர் பின்னர் இறந்தார்கள். விசாரித்த குழு, அந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்றது. ஆனால் வேறொன்று வெளியே வந்தது. கம்மத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலரின் சம்மதப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்தே இல்லை. வார்டன்களும் தலைமையாசிரியர்களும் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் மத்திய அரசு எச்.பி.வி. ஊசி ஆய்வுகள் எல்லாவற்றையும் நிறுத்தியது. 2013இல் நாடாளுமன்றக் குழு இந்தத் திட்டத்தைக் கடுமையாகச் சாடியது. நல்ல ஊசி ஒன்று இந்த நாட்டில் பத்தாண்டுக்கும் மேலாகத் தேங்கிப்போனதற்கு அந்தக் கையெழுத்துகளுக்கும் பங்குண்டு.

அந்த நிறுத்தத்தில் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. தாராபுரத்துக்குத் தெற்கே, ஒட்டன்சத்திரம் வட்டாரத்து அம்பிளிக்கையில் இருக்கிறது கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரண்டு தவணை போதுமா மூன்று வேண்டுமா என்று பார்க்க இந்தியாவில் தொடங்கியிருந்த பெரிய ஆய்வில் அதுவும் ஓர் இடம். கம்மத்து விவகாரத்துக்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அரசு உத்தரவால் ஊசி போடுவது பாதியில் நின்றது. நாடெங்கும் ஏறத்தாழ ஐயாயிரம் சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: 16, 18 வகைக் கிருமிகள் உடம்பில் நிலைத்துத் தங்குவதை ஒரே தவணை 95 விழுக்காடு தடுத்திருந்தது. இதுபோன்ற சான்றுகளை வைத்துத்தான் 2022இல் உலக சுகாதார நிறுவனம், ஒன்பது முதல் இருபது வயது வரை ஒரு தவணையோ இரண்டோ போடலாம் என்றது. செர்வாவாக் பெட்டியில் இன்னும் இரண்டு, மூன்று என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். தனியாரிடம் போட்டால் டாக்டர் அதையே சொல்வார், அதைப் பின்பற்றலாம். ஆனால் இரண்டாம் தவணை தவறிப்போனவர், போட்டதெல்லாம் வீண் என்று மனம் உடைய வேண்டியதில்லை.

கம்மத்துக் கையெழுத்து விவகாரத்தில் திருப்பூருக்குப் பாடம் நேரடியானது. ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்களிலும் கம்பெனி ஹாஸ்டல்களிலும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் பெண்கள் தங்கியிருக்கிறார்கள்; நம் தென்மாவட்டப் பெண்களும் இருக்கிறார்கள். பதினெட்டு முடிந்தவளின் சம்மதம் அவளுடையது மட்டுமே. கணவர், மாமியார், சூப்பர்வைசர் யார் கையெழுத்தும் தேவையில்லை. பதினெட்டு ஆகாதவளுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். வார்டன் கையெழுத்து பெற்றோர் கையெழுத்து ஆகாது. ஊரில் இருக்கும் தாய் தகப்பனிடம் போனில், அவர்கள் பேசும் மொழியில், முழுதாகச் சொல்லி, அவர்கள் கையெழுத்தை வாங்கிய பிறகே போட வேண்டும். மொழிபெயர்த்துச் சொல்ல லைன் சூப்பர்வைசரை உட்கார வைக்காதீர்கள். வேலை தருபவர் முன்னால் "வேண்டாம்" என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. வேண்டாம் என்றவளுக்குச் சம்பளப் பிடித்தமோ பேச்சோ இருக்கக் கூடாது.

இந்தப் பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இன்னும் பாக்கி: ஆறு மாதம் கழித்து எங்கே இருப்பாய்? பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வேறு கம்பெனிக்குப் போயிருப்பாள். ஹோலிக்குப் போனவள் வராமலே இருந்துவிடலாம். ஊசி அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வீட்டுக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதி மூன்றும் அதில் தெரிய வேண்டும். அடுத்த தவணையை எந்த ஊரிலும் போடலாம். தள்ளிப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முந்திப் போடுவதுதான் தவறு: இரண்டு தவணைக் கணக்கில் ஐந்து மாதத்துக்குள் இரண்டாவதைப் போட்டால் மூன்றாவது ஒன்று தேவைப்படும்.

மகளைக் கூட்டிவரும் தாய் தனக்கும் ஊசி கேட்பது உண்டு. செர்வாவாக் இருபத்தாறு வயது வரை. கார்டசில் 9 ஊசியை அதற்கு மேற்பட்ட வயதிலும் சிலர் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அதன் விலை ஒரு தவணைக்கே பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும், அந்த வயதில் பலனும் குறைவு. முப்பது தாண்டிய தாய்க்கு என் பரிந்துரை, அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்யும் கருப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போவதுதான். வினிகர்க் கரைசலைத் தடவி ஒரு நிமிடம் விட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேலே பார்க்கச் சொல்வார்கள். எளிய சோதனைதானே என்று அலட்சியம் வேண்டாம். இதே அம்பிளிக்கை மையம் பங்கேற்க, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் செய்த இந்தச் சோதனை கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்களை 35 விழுக்காடு குறைத்தது. ஊசி போட்டுக்கொண்ட மகளும் முப்பது வயதானபின் இந்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். ஊசி எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லை.

இந்தப் பரிசோதனைக்கு மட்டும் மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். உறவுக்குப் பின் ரத்தம் படுவது, தீட்டு நின்றவருக்கு மறுபடி ரத்தம் வருவது, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுவது இருந்தால் முகாமுக்காகக் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும், இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போகலாம். மகளின் ஊசிக்காக அரை நாள் பர்மிஷன் போடுகிறவர், அதே நேரத்தில் தன் பரிசோதனையும் முடியுமா என்று முதல் நாளே போனில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. அதைச் செய்யும் செவிலியர் எல்லா நாளும் எல்லா நிலையத்திலும் இருப்பதில்லை.